தறிக்கு இடம் விட்ட வீடு

காஞ்சிபுரத்தில் நெசவு ஏன் இப்படித் தேய்ந்துபோனது என்று யாரைக் கேட்டாலும் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். கூலி கட்டுப்படியாகவில்லை, பட்டும் ஜரிகையும் விலை ஏறிவிட்டன, விசைத்தறிக்காரர்கள் அதே புடவையைப் போலவே நெய்து பாதி விலைக்கு விற்கிறார்கள். மூன்றும் உண்மைதான். மூன்றைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு காரணம் இருக்கிறது. நெசவாளர்கள் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். பட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அது வீடு. என் நினைவில் இருக்கும் பிள்ளையார்பாளையத்தையும் இன்றைய பிள்ளையார்பாளையத்தையும், அதற்கு அப்பால் ஊரைச் சுற்றி முளைத்திருக்கும் நகர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: கூலி குறைந்ததால் நெசவாளர் தறியை விட்டார் என்பது பாதிக் கதை. விட்ட தறிக்குத் திரும்பி வர வழியில்லாமல் செய்தது அவர் கட்டிய, அல்லது அவருக்குக் கட்டிக் கொடுக்கப்பட்ட, புது வீடு.

கோயில் பார்க்க வருகிறவர்களுக்குக் காஞ்சிபுரம் மூன்றாகப் பிரிந்து தெரியும். ஏகாம்பரநாதரைச் சுற்றிப் பெரிய காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாளைச் சுற்றிச் சின்ன காஞ்சிபுரம், வேகவதி ஆற்றுப் பக்கம் சமணக் கோயில்கள் இருக்கும் திருப்பருத்திக்குன்றம். ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிள்ளையார்பாளையத்தைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். ஒட்டி ஒட்டி வீடுகள், குறுகின வாசல்கள், திண்ணையில் ராட்டினம் சுற்றும் பெண்கள். ராஜவீதிகளின் அகலமோ காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் கண்ணாடி மினுக்கோ கிடையாது. ஆனால் காந்தி ரோட்டில் தொங்கும் புடவையின் பிறப்பிடம் இந்த மாதிரிப் பேட்டைதான். ஊரின் விளிம்பில் இருந்தும் ஊருக்குச் சோறு போட்ட குடியிருப்பு இது. மற்ற சிறு நகரங்களின் ஓரக் குடியிருப்புகள் காலையில் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு இரவு தூங்குவதற்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பிள்ளையார்பாளையத்தில் அப்படி இல்லை. எழுந்த இடத்திலேயே வேலை.

அந்த வீட்டின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அகலம் குறைவு, ஆழம் அதிகம். வாசலில் திண்ணை, அதைத் தாண்டினால் சிறிய நடை, அதற்கப்புறம் கூடம். வெளிச்சமும் நீளமும் உள்ள அந்தக் கூடம், அதாவது வீட்டின் நல்ல பாகம் முழுவதும், தறிக்கு. மனிதர்கள் மிச்ச இடத்தில் சமைத்தார்கள், படுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிப்பார். பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், அவர் மடிக்கு முன்னால் தொடங்கி எதிர்ச் சுவர்வரை ஓடும். பல வீடுகளில் பாவின் மறுமுனையைக் கயிற்றில் கட்டி, சுவரோரம் நட்ட கட்டையைச் சுற்றி, நெய்கிறவர் கைக்கு எட்டும் இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து முடிந்திருப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அவிழ்த்துத் தளர்த்திக்கொள்ளலாம். தறிக்கு மேலே டிசைன் போடும் ஜக்கார்டுப் பெட்டி. அதற்கு உயரம் வேண்டும். ஓட்டுக்கூரையின் முகடு அந்த உயரத்தைக் கொடுத்தது. மண் தரையின் ஈரம் குழிக்குள் தங்கிப் பட்டு இழையை வறளவிடாமல் காத்தது. வறண்ட இழை அறுகிற இழை என்பது நெய்கிற எல்லோருக்கும் தெரியும். ஜன்னல்கூட நிற்கிறவர் கண்ணுக்கு வைத்ததாக இருக்காது, உட்கார்ந்திருப்பவர் கைக்கு வெளிச்சம் விழும்படி தாழ வைத்திருப்பார்கள். இவ்வளவையும் எந்த எஞ்சினியரும் வரைந்து கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நெய்து பார்த்துக் கட்டியது.

வீட்டோடு முடிந்திருந்தால் விஷயம் எளிது. தெருவும் பட்டறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவை. மூன்று புடவைக்கான பாவு என்றால் ஏறத்தாழ 60 அடி நீளம். எந்த நெசவாளர் வீட்டிலும் அவ்வளவு நீளக் கூடம் இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. ஆகவே அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன், பாவைத் தெருவில் நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளைப் பார்த்து முடிந்து, ஒட்டியவற்றைப் பிரித்து, காயவைத்துச் சுருட்ட வேண்டும். இதற்குத் தெரு நேராக இருக்க வேண்டும், ஓரளவு அகலம் வேண்டும், அந்த இரண்டு மூன்று மணி நேரம் யாரும் குறுக்கே வரக்கூடாது. இன்றைக்கு யார் பாவு போடுவது என்பதில் எழுதாத ஒழுங்கு ஒன்று இருந்தது. பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். மாட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள். சாணி தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் பாவுக்கு இடம் விட்டுப் போடுவார்கள். தெரு என்பது போகவும் வரவும் மட்டுமே என்று நினைக்கிறவர்களுக்கு இது தொல்லையாகத் தோன்றலாம். அங்கே இருந்தவர்களுக்கு அது தங்கள் கூடத்தின் தொடர்ச்சி.

மூன்றாவதாக அக்கம்பக்கம். காஞ்சிப் புடவையைக் காஞ்சிப் புடவை ஆக்குவது கோர்வை: உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. கரைப் பக்கத்தில் நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். முந்தானைக்கு நிறம் மாற்றிப் பெட்னி போடும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க, கை தேர்ந்தவர் வேண்டும். நாடாவுக்குத் தார் சுற்ற, பட்டு முறுக்க, சாயம் தோய்க்க, டிசைன் அட்டை அடிக்க, தறியில் ஒரு பலகை உடைந்தால் தச்சு வேலை பார்க்க என்று ஒரு புடவையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கைகள் உண்டு. இந்தக் கைகள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பாவு கொடுக்கும் முதலாளி வீடோ கூட்டுறவு சொசைட்டியோகூட நடந்து போகிற தூரம்தான். நெசவின் கூலிக் கணக்கில் இந்தத் தூரம் எங்குமே எழுதப்படுவதில்லை. ஆனால் பெட்னி போடுகிறவரை அழைத்துவர ஆட்டோ வைக்க வேண்டும் என்றால், கரைக்கு உட்காரும் ஆள் பஸ் ஏறி வர வேண்டும் என்றால், இருக்கிற கூலியில் அது தாங்காது.

இந்த அமைப்பு நேற்று வந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கச்சியில் நான்கு சேரிகளில் குடியிருந்த நெசவாளரைக் குறிப்பிட்டு, ஊரகத்துப் பெருமாள் கோயிலின் கணக்கு வழக்குப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கிறது. அன்றைக்கே நெசவாளர்களைத் தொழிலால் மட்டுமல்ல, குடியிருந்த இடத்தாலும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறியிறை என்ற வரி வருகிறது. அரசன் வரி வசூலிக்க ஒரு தொழில் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், தறி அப்படி நின்றிருக்கிறது. மிகப் பின்னால், முதல் உலகப் போர்க் காலத்தில், நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் சென்னைக்கு வந்தார்.   அந்தக் கெடிஸ் காஞ்சிபுரத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெருந்தன்மையான அளவில் திட்டமிடப்பட்டும் தனி மனிதரின் கலைச் சுதந்திரத்தை விட்டுவைத்த ஊரைக் கிழக்கிலும் மேற்கிலும் காண்பதரிது என்ற பொருள்பட எழுதினார். அவர் பாராட்டை நம் ஊர்க்காரர்கள் ராஜவீதிகளுக்கும் கோபுரங்களுக்கும் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். நெசவாளர் தெருவின் குறுகிய வீட்டையும் அந்தச் சுதந்திரத்தில் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி மாற்றத்துக்கு வருவோம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து காஞ்சிபுரத்தின் முகம் கிழக்கே, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பிவிட்டது. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலைகளாக நிறைந்தன. கம்பெனி பஸ் விடியற்காலையில் பிள்ளையார்பாளையத்துக்கும் வந்தது. அந்தப் பஸ்ஸில் ஏறியவர்களில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதே காலத்தில் ஊரைச் சுற்றியிருந்த நஞ்சையும் ஏரிப் பாசன நிலமும் மனைகளாகக் கூறு போடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர் பெயர் வைக்கப்பட்டது. 2011இல் செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை எல்லாம் நகராட்சிக்குள் வந்தபோது சுமார் 11 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் 36 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பெருத்தது. 2021இல் மாநகராட்சி ஆயிற்று. 1866இல் உருவான நகராட்சி இந்த அளவுக்கு வளர்ந்ததில் பெருமைப்பட ஏதும் இல்லை என்று நான் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த அத்தனை பரப்பிலும் தறிக்கென்று யோசித்து அமைத்த தெரு எத்தனை என்பதுதான் என் கேள்வி.

புது நகரில் மனை என்றால் அரை கிரவுண்டு, 1200 சதுர அடி. சிலருக்கு அதிலும் பாதி. அதில் கட்டப்படும் வீட்டின் வரைபடம் கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டிவரை ஒன்றுதான்: முன்னால் கார் நிறுத்தும் இடம், கார் இல்லாவிட்டாலும், ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, வாஸ்துப்படி ஒரு பூஜையறை. பத்தடி உயரத்தில் கான்கிரீட் கூரை, தரையெல்லாம் டைல்ஸ். இந்த வீட்டில் தறியை எங்கே வைப்பது? டைல்ஸ் போட்ட தரையில் குழி வெட்ட யாருக்கும் மனம் வராது. ஜக்கார்டுப் பெட்டி ஏற்றக் கூரை உயரம் பற்றாது. ஹாலைத் தறிக்குக் கொடுத்துவிட்டால் டிவிக்கும் சோபாவுக்கும் இடமில்லை; சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த ஹாலைத்தான். வாடகை வீடு என்றால் பேச்சே இல்லை. தரையை வெட்டவோ, தறி சத்தம் போடவோ வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். பழைய பேட்டைக்குள்ளேயே இருப்பவர்கள் நிலைமையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஏற்கெனவே குறுகலான வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். கிடைக்கிற ஏழெட்டு அடி அகலத்தில் படிக்கட்டு வைத்து மேலே கட்டுவார்கள். தறிக்கூடம் முதலில் போகும். பிறகு தெரு. வீட்டு வாசலில் பைக் நிறுத்தும் தெருவில், நடுவில் சாக்கடை மூடியும் வேகத்தடையும் உள்ள தெருவில், 60 அடிப் பாவை எங்கே இழுத்துக் கட்டுவது? ஒரு தெருவில் நெய்கிறவர்கள் நாற்பது வீட்டில் நான்கு வீடாகக் குறைந்தால் மற்ற முப்பத்தாறு வீட்டுக்காரர்களிடம் காலையில் வண்டியை எடுங்கள் என்று சொல்ல அவர்களுக்கு எந்த வாயும் இருக்காது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. காரணத்தையும் விளைவையும் நீ மாற்றிப் போடுகிறாய். கூலி இருந்தால் நெசவாளரே தறிக்கு இடம் விட்டுத்தான் கட்டியிருப்பார். வருமானம் இல்லாததால் தறியை எடுத்தார், எடுத்த இடத்தில் சோபா போட்டார். 2019-20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு இந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கும்: நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாக அது சொல்கிறது. அப்படிப்பட்ட வருமானத்தைப் பார்த்துவிட்டு மகனைத் தறியில் உட்கார வைக்காத அப்பாவை யார் குறை சொல்வது? கூலிதான் முதல் காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டு நெசவு எப்போதுமே ஏறி இறங்குகிற தொழில். முகூர்த்த மாதங்களில் ஓடும், ஆடியிலும் மார்கழியிலும் தூங்கும். பட்டு விலை உயரும்போது முதலாளி பாவு கொடுப்பதை நிறுத்துவார், இறங்கினால் மீண்டும் கூப்பிடுவார். இந்த ஏற்ற இறக்கத்தில் நெசவாளர் வேறு வேலைக்குப் போவதும் திரும்புவதும் பழைய வழக்கம். தறி கூடத்தில் நின்றவரை போவது என்பது ஒரு தற்காலிக ஏற்பாடு. குழியை மூடி டைல்ஸ் ஒட்டிய பிறகு அது நிரந்தரம். நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, அவர்களில் பெரும்பகுதி பெண்கள், ஒரே நேரத்தில் வேலை இல்லை. வீட்டில் தறியும் அதில் உட்காரத் தெரிந்த பெரியவரும் இருந்த குடும்பத்துக்கு அந்த நாளில் ஒரு வழியாவது மிச்சம் இருந்திருக்கும். தறி இல்லாத வீட்டில் இன்னொரு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி என்ன? கூலி அடுத்த ஆண்டு உயரலாம், அரசு மானியம் தரலாம். வீடு முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்டப்படுகிறது.

இன்னொரு மறுப்பு, குழித்தறி என்ன புனிதமா என்பது. இல்லை. நாள் முழுவதும் குழிக்குள் கால் விட்டுக் குனிந்திருந்தவர்களின் முதுகும் முழங்காலும் என்ன ஆயின என்று அந்தத் தெருக்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் குழியில் நீர் ஊறும். இறைத்துவிட்டு நெய்வார்கள், மழை விடாவிட்டால் நெய்யாமல் பட்டினி இருப்பார்கள். 2015 நவம்பர் போன்ற மழை வந்தால் பாவே போய்விடும். தரைக்கு மேல் நிற்கும் மேடைத்தறி இருக்கிறது, அதில் நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து நெய்யலாம். நான் குழிக்காக வாதாடவில்லை. மேடைத்தறிக்கும் இடம் வேண்டும், அதற்குக் குழித்தறியைவிடக் கூரை உயரம் இன்னும் அதிகமாக வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். நம் வரைபடத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

அப்படியானால் தொழிலை வீட்டிலிருந்து பிரித்து ஒரே இடத்தில் வைத்துவிடலாமே என்பார்கள். அரசும் அப்படித்தான் நினைத்தது. ஊருக்கு வெளியே கீழ்கதிர்பூரில் அறிஞர் அண்ணா பெயரில் பட்டுப் பூங்கா வந்த கதை அது. திட்டம் தீட்டியதற்கும் கட்டடம் எழும்பியதற்கும் நடுவில் ஆண்டுகள் பல ஓடின. கூடுவதற்கு ஒரு கட்டடம், பொதுவான சாயப் பட்டறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, இவற்றால் நன்மை உண்டு. வேகவதியின் இன்றைய நிலையைப் பார்த்தவர்கள் சாயப் பட்டறைகளை வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நெசவை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் வைக்க முடியாது. அதன் நேரம் கம்பெனி ஷிப்ட் போல எட்டு மணி நேரத் துண்டாகக் கிடைப்பதில்லை. விடியலில் இரண்டு மணி நேரம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம், உலை கொதிக்கும்போது தார் சுற்றல், இரவு விளக்கில் இன்னும் கொஞ்சம். ஒரு புடவையின் உழைப்பில் பெண்களின் பங்கு பெரும்பாலும் இந்த இடுக்கு நேரங்களில்தான் இருக்கிறது. அவர்களை ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கூடத்துக்கு வரச் சொன்னால், வருகிறவர் கணவர் மட்டுமாக இருப்பார், கரைக்கு ஆள் இருக்காது. இது அரசுக்குத் தெரியாததும் இல்லை. வீட்டில் தறி வைத்திருக்கும் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடும் இலவச மின்சாரத்தை 2023இல் தமிழக அரசு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது. நெசவாளரின் வீடு ஒரு தொழிற்கூடம் என்று மின்வாரியத்தின் பில் ஒப்புக்கொள்கிறது. அதே அரசின் வீட்டுவசதித் துறை ஒப்புக்கொள்ளவில்லை. வேகவதிக் கரையில் ஆக்கிரமித்து இருந்தவர்களுக்காகக் கீழ்கதிர்பூரிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஆற்றங்கரைக் குடும்பங்கள் அங்கே போகத் தயங்கியதற்குத் தூரம் ஒரு காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்றாம் மாடியில், அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய ஒற்றைப் படுக்கையறை வீட்டில், தறி எப்படி நிற்கும் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பட்டுப் பூங்காவும் அந்த அடுக்குமாடிகளும் ஒரே ஊராட்சி எல்லையில் இருப்பது விசித்திரம்தான்: தொழிலுக்கு ஒரு கட்டடம், தூங்குவதற்கு ஒரு கட்டடம், இரண்டுக்கும் நடுவில் பஸ்.

விதிகள் தடுக்கவில்லையே என்று நகரமைப்பு அலுவலகத்தில் சொல்வார்கள். சரிதான். குடியிருப்புப் பகுதியில் குடிசைத் தொழில் நடத்த விதிகளில் இடம் உண்டு. ஆனால் தடுக்காமல் இருப்பது வேறு, இடம் ஒதுக்குவது வேறு. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது சாலை அகலம், பூங்காவுக்கு ஒதுக்கீடு, மழைநீர்த் தொட்டி என எத்தனையோ கேட்கிறோம். பட்டுக்குப் பேர்போன ஊரில் தறிக்கு என்ன செய்தாய் என்று மட்டும் கேட்பதில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கினோம். அந்தக் குறியீடு புடவையின் பெயரைக் காக்கிறது. புடவை பிறக்கும் கூடத்தைக் காக்க அதில் ஒரு வரியும் இல்லை.

எனக்கே மிகக் கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. பழைய பேட்டை வெறும் தொழிற்கூடமாக மட்டும் இருக்கவில்லை. சாதித் தெருவாகவும் இருந்தது. செங்குந்தர் தெரு, சாலியர் தெரு, தேவாங்கர் தெரு என்று பிரிந்து கிடந்த இடத்தில் வேறு யாரும் மனை வாங்கவோ வாடகைக்கு வரவோ எளிதில் முடியாது. பட்டறை வீட்டுக்குள்ளேயே இருந்ததால், கரைக்கு உட்காரும் ஆளாகப் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். முன்பணத்துக்குப் பிள்ளைகளை அடகு வைத்தது போன்ற நிலைமையும் இருந்தது. அதை ஒழிக்கப் பெரும் முயற்சி தேவைப்பட்டது. வீட்டுக்குள் நடக்கும் தொழிலில் தொழிலாளர் சட்டம் எட்டிப் பார்க்காது என்பதும் உண்மை. புது நகரில் பணம் இருந்தால் எந்தச் சாதிக்காரரும் மனை வாங்கலாம், பிள்ளை பள்ளிக்குப் போவது இயல்பு. இது சாதாரண லாபமில்லை. பழையது எல்லாம் பொன் என்று எழுதுகிறவர்கள் இதை மறைப்பது நேர்மையும் இல்லை. ஆயினும் இந்தத் தீமைகளைத் தறிக்கூடம் கொண்டுவரவில்லை, கடனும் சாதியும் கொண்டுவந்தன. காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் நெசவுச் சாதிகளில் பிறக்காத எத்தனையோ பேர் பட்டு நெய்கிறார்கள். ஆக, சாதித் தெருவை விட்டுவிட்டுத் தறிக்கூடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும். நாம் செய்தது தலைகீழ். புது நகர்களின் சங்கங்களிலும் சம்பந்தப் பேச்சுகளிலும் சாதி பத்திரமாக இருக்கிறது, தறிதான் வெளியே நிற்கிறது.

செய்யக்கூடியது பெரிய விஷயமொன்றும் இல்லை. வீட்டோடு தறிக்கூடம் சேர்த்துக் கட்ட உதவும் திட்டத்தை மத்திய அரசு 1985-86இலேயே தொடங்கியது. ஆக, யோசனை புதிதில்லை, சிறு நகரங்களின் மனைப்பிரிவுகளில் அதைப் பொருத்திப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மாநகராட்சி இனி அனுமதிக்கும் மனைப்பிரிவுகளில் ஒரு பகுதியை நீண்ட, ஆழமான மனைகளாகப் பிரிக்கச் சொல்லலாம். முன்கூடத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்றடி உயரம் வைத்தால் அதற்கு வரைபடக் கட்டணத்தைக் குறைக்கலாம். அடுக்குமாடி கட்டினால் தரைத்தளத்தை நெசவுக் குடும்பங்களுக்கு ஒதுக்கி, கூட்டுத் தறிக்கூடம் ஒன்றை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வைக்கலாம். அப்போது தறி, சட்டமும் அக்கம்பக்கமும் பார்க்கிற இடத்தில் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் இன்னும் பாவு போடும் தெருக்களைக் கண்டறிந்து, காலை ஐந்து முதல் எட்டு மணிவரை வண்டி வரக்கூடாது என்று ஒரு பலகை நடலாம். தேர் வரும் நாளில் தெருவை அடைக்கத் தெரிந்த ஊருக்கு இது முடியாத காரியமில்லை. வீட்டுக் கடன் தரும் வங்கியும் கூட்டுறவுச் சங்கமும், தறிக்கூடம் உள்ள வரைபடத்துக்கு வட்டியில் சிறு சலுகை தரலாம். பட்டுப் புடவைக்குத் தள்ளுபடி தர ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு அதிகமாக இராது.

காஞ்சிபுரம் மாநகராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும் இந்த ஊரின் அடுத்த வரைபடத்தைப் போடும்போது, ஏதோ ஒரு பழைய தெருவில் இன்னும் நெய்துகொண்டிருக்கும் நான்கு வீட்டுக்காரர்களை ஒருமுறை அழைத்துக் கேட்க வேண்டும்: கூடம் எவ்வளவு நீளம் வேண்டும், தெரு எவ்வளவு அகலம் வேண்டும் என்று. அவர்கள் அளவு சொல்லத் தெரிந்தவர்கள்.